இரண்டாவது சீட்டு

இதை எழுதச் சொன்னவர்கள் கேட்டது ஒரு சிரிப்புக் கதை. எங்கள் நீதிமன்ற வளாகத்துக் குமாஸ்தாக்கள் மலர் ஒன்று போடுகிறார்கள். "அண்ணே, அந்த அரிஷ்டக் கதைய எழுதிக் குடுத்துடுங்க, ரெண்டு பக்கம் போதும்" என்றார்கள். முப்பத்துமூன்று வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து, முழங்கால் இரண்டும் ஒத்துழைக்க மறுத்ததால் ஐம்பத்தெட்டு வயதில் விலகிக்கொண்டவனுக்கு இரண்டு பக்கம் என்பது நியாயமான மதிப்பீடுதான். ஆனால் அந்தக் கதை இரண்டு பக்கத்தில் அடங்கிக் கிடந்ததற்குக் காரணம், அதன் பாதியை நான் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை என்பதே. இந்தமுறை முழுக்க எழுதுகிறேன். சிரிப்பு எங்கே நின்றுபோகிறது என்பதை வாசிப்பவர்களே பார்த்துக்கொள்ளலாம்.

நான் குமாஸ்தாவானதில் லட்சியம் எதுவும் இல்லை. சரித்திரத்தில் பட்டம் வாங்கிவிட்டு, அந்தச் சரித்திரம் யாருக்கும் தேவைப்படாமல், டைப்பிங் தெரியும் என்ற ஒரே தகுதியோடு எங்கள் ஊர்ப் பாலக்கரையில் ஒரு மாடி அறைக்குப் போனேன். அது வக்கீல் ஞானப்பிரகாசம் சாரின் அலுவலகம். ஒரு மனுவை அடிக்கச் சொன்னார். அடித்துக் கொடுத்தேன். "பிழை இல்ல. நாளைக்கு வந்துடு" என்றார். முதல் வருஷம் வழக்குக் கட்டுகளைச் சுமந்தேன். இரண்டாம் வருஷம் எந்த மனுவை எந்த மேஜையில் கொடுப்பது என்று தெரிந்துகொண்டேன். மூன்றாம் வருஷம் நானும் வக்கீல்தான், கோட்டு மட்டும் இல்லை என்று நம்பத் தொடங்கினேன். குமாஸ்தாக்களுக்கு வருகிற இந்த நோய்க்கு இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை. நூலகத்துப் புத்தகம் ஒன்றைக் கட்டுக்குள் செருகி வைத்துக்கொண்டு நீதிமன்ற வராந்தாவில் படிக்கிற பழக்கமும் இருந்ததால், எனக்கு அது கொஞ்சம் முற்றிய நிலையிலேயே வந்தது.

ஞானப்பிரகாசம் சார் உட்கார்ந்து கட்டுப் படித்து நான் பார்த்ததில்லை. ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு, கடைசித் தாளிலிருந்து முன்னோக்கிப் படிப்பார். ஒவ்வொரு தாளையும் திருப்புவார். பின்பக்கம் வெறுமையாக இருந்தாலும் அதையும் ஒரு நொடி பார்ப்பார். இரண்டு தாளைச் சேர்த்துப் பின் அடித்திருந்தால் நகத்தால் மேல்தாளைத் தூக்கி, அடியில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பார். ஆரம்பத்தில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. ஒருநாள் கேட்டேவிட்டேன். "தாளுக்கு ரெண்டு பக்கம் இருக்குது முருகேசா. நாம பாதி சம்பளம் வாங்கல" என்றார்.

சாதாரணமாக என்னை "நீ" என்பார். கோபம் வந்தால் "நீங்க" என்று மாறும். "உக்காருங்க முருகேசன்" என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு மதியச் சாப்பாடு இறங்காது.

குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்குகளை வராந்தாவில் டி.டி. கேஸ் என்போம். மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு நூற்று எண்பத்தைந்து. ஊதுகிற கருவியில் நூறு மில்லி ரத்தத்துக்கு முப்பது மில்லிகிராம் ஆல்கஹாலுக்கு மேல் காட்டினால் குற்றம். பத்தாயிரம் ரூபாய் அபராதமெல்லாம் பிறகு வந்தது. அந்தக் காலத்தில் இரண்டாயிரத்தோடு முடியும். அபராதம் ஏறிய பிறகுதான் எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தங்கள் சட்ட உரிமைகள்மேல் அக்கறை பிறந்தது. அதற்கு முன்பு எல்லோருக்கும் தெரிந்த ஒரே சட்டம் "ஒத்துக்கிட்டு முடிச்சுடு" என்பதுதான்.

அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்திய அதிகாரிகளில் நானும் ஒருவன். குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், குறைந்த தண்டனை கொடுத்து உதவ வேண்டுகிறேன் என்று ஒரு மனுவை, பெயருக்கும் வழக்கு எண்ணுக்கும் இடம் விட்டு, கட்டாக அடித்து வைத்திருப்பேன். ஆள் வந்ததும் பெயரை நிரப்பிக் கையெழுத்து வாங்குவேன். பிறகு பயிற்சி. தோளில் துண்டு இருந்தால் எடுத்துவிட வேண்டும். சட்டைப் பித்தான் போட வேண்டும். மாஜிஸ்திரேட் அம்மா குற்றச்சாட்டைப் படித்துக் காட்டி "ஒத்துக்கறீங்களா?" என்றால் "ஆமாங்கம்மா". "யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?" என்றால் "இல்லீங்கம்மா". "யாராவது சொல்லிக் கொடுத்தாங்களா?" என்றால் அதற்கும் "இல்லீங்கம்மா". அந்த அம்மா கேட்க வேண்டியதை எல்லாம் முறையாகக் கேட்பார். பதில்களை நான் முன்கூட்டியே வராந்தாவில் விற்றுவிடுவேன். பதினோரு மணிக்கு வந்தவன் ஒரு மணிக்கு அபராத ரசீதோடு பஸ் ஏறிவிடுவான்.

சாருக்கு இது பிடிக்காது. அவரிடம் வருகிற டி.டி. ஆளிடம் அவர் மூன்றே கேள்வி கேட்பார். ஊதுவதற்கு முன்னால் கடைசியாக வாயில் என்ன போட்டாய்? எத்தனை மணிக்கு ஊதினாய்? எத்தனை தடவை ஊதினாய்? பிறகு நகல்கள் வரட்டும் என்பார். காவல்துறை தாக்கல் செய்த தாள்களின் நகல் கைக்கு வராமல் யாரும் கூண்டில் வாயைத் திறக்கக் கூடாது என்பது அவர் கட்டளை. ஒப்புக்கொள்கிற ஆளாக இருந்தாலும் எதை ஒப்புக்கொள்கிறான் என்று பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும். "கைது பண்ணுனா ரெண்டு மணி நேரத்துக்குள்ள டாக்டர்கிட்ட காட்டணும்னு சட்டம் சும்மா எழுதல" என்பார். நகல் வர இரண்டு வாய்தா ஆகும். இரண்டு வாய்தாவுக்கு இரண்டு நாள் கூலி போகும். ஆகவே ஜனங்கள் சாரைவிட என்னையே விரும்பினார்கள். இந்தப் புகழை நான் சாரிடம் சொல்லவில்லை.

அந்த வராந்தாவில் என் நாற்காலிக்குப் பத்தடி தூரத்தில் ஒரு பலகை தொங்கியது. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களுக்கு இலவசச் சட்ட உதவி கிடைக்கும், உள்ளே மனுக் கொடுக்கலாம் என்று அதில் எழுதியிருக்கும். காவலில் இருப்பவர், பெண்கள், தொழிலாளிகள் என்று யார் யாருக்கு என வரிசையும் உண்டு. அந்தப் பலகையை மாட்டிய ஆணி கொஞ்சம் நீளமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் என் குடையை அதில்தான் மாட்டுவேன். குடை சரியாக "இலவச" என்ற சொல்லை மறைக்கும். பல வருஷம் இதை நான் கவனித்ததுகூட இல்லை.

டி.டி. கேஸில் வருகிறவர்கள் சொல்லும் சாக்குகளைச் சேகரிப்பது என் பொழுதுபோக்கு. இருமல் மருந்து சாப்பிட்டேன். பல்வலிக்குப் பஞ்சில் நனைத்து வைத்தேன். கூட உட்கார்ந்தவன் குடித்தான், அவன் மூச்சு என்மேல் பட்டது. நல்லூர்ப் பக்கத்து ஆசாமி ஒருவர், நீதிபதி முன்னால் நிற்கப் பயந்து, தைரியத்துக்காகக் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு வந்திருந்தார். எப்படி வந்தீர்கள் என்று கேட்டேன். பைக்கில் என்றார். சாவியைப் பிடுங்கிக்கொண்டு, மோர் வாங்கிக் கொடுத்து, அடுத்த வாய்தாவுக்கு அனுப்பிவைத்தேன். இவற்றையெல்லாம் டீக்கடையில் அடுக்கிச் சொல்வேன். நான் சொன்னால் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காகவே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்றும் சொல்லலாம். பிறகு யார் என்ன சொன்னாலும் அது எனக்கு ஒரு துணுக்காகத்தான் கேட்டது.

தனவேல் வந்தது அப்படி ஒரு காலத்தில்தான்.

கருவேப்பிலங்குறிச்சிப் பக்கத்து ஆள். அப்போது முப்பத்துமூன்று, முப்பத்துநான்கு வயது இருக்கும். இங்கே ஒரு பீங்கான் கம்பெனியில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். வாஷ்பேசின்களை வைக்கோல் வைத்து அடுக்கி, சேத்தியாத்தோப்பு வழியாகக் கொண்டுபோய்க் கடைகளில் இறக்குகிற வேலை. வழியில் ஒரு வாகனச் சோதனையில் நிறுத்தி ஊதச் சொல்லியிருக்கிறார்கள். கருவி நாற்பத்தொன்று காட்டியிருக்கிறது. கைது எல்லாம் இல்லை, வழக்கு மட்டும் போட்டு அனுப்பிவிட்டார்கள். சம்மனோடு வந்திருந்தார்.

அன்றைக்கு சார் ஒரு சிவில் வழக்குக்காகக் கடலூர் போயிருந்தார். போகும்போது, டி.டி. ஆள் யாராவது வந்தால் நகலுக்கு எழுதிக் கொடுத்து வாய்தா வாங்கி அனுப்பு என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நானும் தலையாட்டினேன்.

தனவேல் பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டு வந்திருந்த மஞ்சள் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து என் மேஜையில் வைத்தார். அரிஷ்டம். முக்கால்வாசி காலி.

"இதுதாங்க சார் குடிச்சேன். வயித்துக்கோளாறுக்கு வைத்தியரு குடுத்தது. சாப்புட்டவொடனே குடிக்கச் சொன்னாரு. மதியம் சாப்புட்டு, இத ரெண்டு மூடி குடிச்சுட்டு வண்டிய எடுத்தேன், அஞ்சு நிமிஷத்துல நிறுத்திட்டாங்க. லேபிள்ல பாருங்க, ஆல்கஹால் இருக்குதுன்னே போட்டுருக்குது."

என் சேகரிப்பில் அரிஷ்டம் அதுவரை இல்லை. அதுவும் சாக்கைப் பாட்டிலோடு கொண்டு வந்தவர் யாரும் இல்லை. மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். பக்கத்து மேஜைக்காரர்கள் என்னைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். பார்வையாளர்கள் கூடினால் நடிகனுக்கு என்ன ஆகுமோ அது எனக்கு ஆயிற்று.

"இது சாட்சிக்குக் கொண்டாந்ததா, இல்ல வாய்தா முடிஞ்சு போறப்ப வழிக்கா?" என்று கேட்டேன்.

வராந்தாவே சிரித்தது. கட்சிக்காரர்களைக் கூப்பிடுகிற டவாலி கூடச் சிரித்தார். தனவேலும் லேசாகச் சிரித்தார். அதுதான் அரிஷ்டக் கதை. நீங்கள் கேட்டிருக்கிற கதை இந்த இடத்தில் முடியும்.

சிரிப்பு அடங்கிய பிறகு தனவேல் வேறு இரண்டு விஷயம் சொன்னார். அவை துணுக்கில் இடம்பெறவில்லை, சிரிக்க ஏதும் இல்லாததால்.

"நான் வுடலீங்க சார். வாய் கொப்புளிச்சுட்டு இன்னொரு தடவ ஊதுறேன்னு நின்னேன். கொஞ்ச நேரங் கழிச்சு ஊத வுட்டாங்க. கம்மியாத்தான் காட்டுச்சு. ஆனா கேஸு போட்டாச்சு, கோர்ட்ல சொல்லிக்கன்னுட்டாங்க."

எத்தனை தடவை ஊதினாய் என்ற சாரின் மூன்றாவது கேள்விக்கு, கேட்காமலே பதில் வந்துவிட்டது. நான் அதற்குச் சொன்னது: "எல்லாருக்கும் ரெண்டாவது தடவ கம்மியாத்தான்யா காட்டும். முதத் தடவையே மூச்சு போயிடுமில்ல."

இன்னொன்றும் கேட்டார். அரசுப் பேருந்தில் டிரைவர் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாராம். வாகனம் ஓட்டிக் காட்டுகிற தேர்வில் தேறிவிட்டார். சான்றிதழ் சரிபார்ப்புக்கு எந்த நாளும் கூப்பிடலாம். அடுத்தமுறை ஆள் எடுக்கிறபோது வயது வரம்பு தாண்டிவிடும். "இதனால அந்த வேலைக்கு ஒண்ணும் ஆவாதுங்களே சார்? இல்ல, வக்கீலு யாராச்சும் வெச்சு நடத்தணுங்களா?"

எனக்கு அன்று வீட்டில் சொந்தக்காரர்கள். சீக்கிரம் கிளம்ப வேண்டும். நகலுக்கு மனு எழுதி, வாய்தா வாங்கி, சார் வந்ததும் விவரம் சொல்லி... அதையெல்லாம் நினைத்தபோது அடித்து வைத்த கட்டு கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது.

"இது சின்ன கேஸு தனவேலு. வக்கீல் வெச்சா வருஷக்கணக்கா இழுக்கும். கையெழுத்தப் போடு, சீக்கிரம் முடிஞ்சிடும்."

அவர் பாட்டிலைத் திரும்ப மஞ்சள் பைக்குள் வைத்துவிட்டு, மனுவைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். படிக்க நான் நேரம் கொடுக்கவில்லை என்பதுதான் சரி. உள்ளே மாஜிஸ்திரேட் அம்மா மூன்று கேள்வி கேட்டார். மூன்றுக்கும் நான் சொல்லிக் கொடுத்தபடி பதில் சொன்னார். ஒரு மணிக்கு முன்பே முடிந்துவிட்டது. போகும்போது என் மேஜைக்கு வந்து, கும்பிட்டு, "ரொம்ப ஒதவி சார், போயிட்டு வரேன்" என்றார்.

முடிந்தது அபராதம் மட்டும்தான். லைசென்ஸை ஆறு மாதம் நிறுத்தி வைத்தார்கள். ஒப்புக்கொண்டால் லைசென்ஸுக்கு என்ன ஆகும் என்பதை நான் அவரிடம் சொல்லவே இல்லை. எனக்குத் தெரியாமல் இல்லை. அவர் அதைக் கேட்கவில்லை என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கேட்டிருந்தார். வேலைக்கு ஒன்றும் ஆகாதே என்று அவர் கேட்டது வேறு எதைப் பற்றி? லைசென்ஸ் இல்லாத டிரைவரைக் கம்பெனி வேனில் உட்கார வைக்க முடியாது. வைக்கோல் சுற்றுகிற பக்கம் மாற்றிவிட்டார்கள்.

சில மாதம் கழித்து அவர் பாலக்கரை அலுவலகத்துக்கே வந்தார். அன்று சார் இருந்தார். சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கடிதம் வந்திருந்தது. எந்த வழக்கிலாவது தண்டனை பெற்றிருக்கிறீர்களா என்று அதில் ஒரு கட்டம். என்ன எழுதுவது என்று கேட்க வந்திருந்தார். சார் அவரை உட்காரவைத்து மூன்று கேள்வி கேட்டார். நான் டைப்ரைட்டர் முன்னால், அடிப்பதற்கு ஒன்றும் இல்லாமல், உட்கார்ந்திருந்தேன்.

"ரெண்டு தடவ ஊதுனேங்கய்யா" என்றார் தனவேல்.

சார் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் அனுமதி வாங்கிக்கொண்டு, முடிந்த வழக்கின் அசல் கட்டைப் பார்க்க நீதிமன்ற அலுவலகத்துக்குப் போனார். என்னையும் வரச் சொன்னார். மெலிந்த கட்டு அது. கடைசித் தாளில் தொடங்கினார். ஒரு தாளில், ஊதுகிற கருவியிலிருந்து வருகிற சின்னச் சீட்டைப் பின் அடித்திருந்தார்கள். பஸ் டிக்கெட் அளவுதான் இருக்கும். நாற்பத்தொன்று. சார் நகத்தால் அதைத் தூக்கினார். அடியில் இன்னொன்று இருந்தது.

யாரும் எதையும் மறைக்கவில்லை. ஊதிய இரண்டு சீட்டையும் யாரோ ஒரு காவலர் ஒழுங்காகச் சேர்த்துப் பின் அடித்து, கட்டில் போட்டிருந்தார். பார்க்க ஆள் இல்லாமல் அது அங்கேயே கிடந்தது. அந்த வகைச் சீட்டில் எழுத்து நாளாக நாளாக மங்கிவிடும். சார் கட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"எனக்குக் கண்ணு சரியில்ல. நீங்க படிங்க முருகேசன்."

படித்தேன். முதல் சீட்டு ஒன்று ஐம்பத்தைந்துக்கு. இரண்டாவது இரண்டு இருபதுக்கு. பதினெட்டு.

"என்ன?"

"பதினெட்டு சார்."

"இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னேன். அவர் கட்டைத் திரும்பக் கொடுத்துவிட்டு நடந்தார். அலுவலகத்துக்கு வந்ததும் "உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். அன்றைக்கு அந்தப் பையன் கடைசியாக வாயில் என்ன போட்டான் என்று கேட்டீர்களா? எத்தனை மணிக்கு ஊதினான் என்று கேட்டீர்களா? எத்தனை தடவை என்று கேட்டீர்களா? ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், சாட்சிக் கூண்டில் இருப்பவனைக் கேட்பது போலக் கேட்டார். நான் கேட்கவில்லை, ஆனால் அவரே சொன்னார் என்ற உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "கேட்கல சார்" என்றேன். அந்தப் பாதி உண்மை எனக்குக் கொஞ்சம் சாதகமாக இருந்தது.

அடித்து வைத்த மனுக் கட்டைக் கொண்டுவரச் சொன்னார். கிழித்துப் போடுவார் என்று நினைத்தேன். மேஜையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு வெகுகாலம் அவர் எனக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்ததெல்லாம் அந்தத் தாள்களின் பின்பக்கத்தில்தான். ஒவ்வொரு குறிப்பையும் படித்து முடித்துத் திருப்பினால் "குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்" என்றிருக்கும்.

இரண்டு நாள் கழித்துத் தனவேலைக் கூப்பிட்டுவிட்டு சார் விளக்கினார். தானே ஒப்புக்கொண்ட வழக்கில் மேல்முறையீடு செய்தால் தண்டனையின் அளவைப் பற்றி மட்டும்தான் பேச முடியும். கடலூரில் சீராய்வு மனு போட்டுப் பார்க்கலாம். விஷயம் தெரியாமல், பிறர் பேச்சைக் கேட்டு ஒப்புக்கொண்டேன் என்று பிரமாணப் பத்திரம் எழுத வேண்டும். "ஜெயிப்போம்னு சொல்ல மாட்டேன். ஆனா வாயில இருந்த அரிஷ்டம் போனதும் முப்பதுக்குக் கீழ வந்துடுச்சுன்னு அந்த ரெண்டாவது சீட்டு நம்ம பக்கம் பேசும். ஃபீஸு வேணாம்" என்றார்.

"யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னும் எழுதணுங்களாய்யா?"

"எழுதணும். இவரு பேரத்தான் எழுதணும்." சார் பேனாவால் என்னைக் காட்டினார்.

தனவேல் சொன்னார்: "வேணாங்கய்யா. ஜட்ஜம்மா மூஞ்சப் பாத்து, யாரும் சொல்லிக் குடுக்கலன்னு நான்தான் சொன்னேன். அவுரும் புள்ளகுட்டிக்காரரு. வெரிஃபிகேஷனு வர்ற வியாழக்கெழம. அதுக்குள்ள இது ஒண்ணும் முடியாதில்லீங்க?"

முடியாது என்றார் சார்.

இந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். "என் பேர எழுதுங்க சார்." நான்கே சொற்கள். இலக்கணம் தெரிந்தவன், பிழையில்லாமல் அடிக்கிறவன், நாலு பேர் சிரிக்கும்படி நினைத்த நேரத்தில் வாக்கியம் அமைக்கிறவன். அன்றைக்கு எனக்கு வாக்கியம் அமையவில்லை. என் பெயர் ஒரு பிரமாணப் பத்திரத்தில் ஏறினால் வராந்தாவில் என்ன ஆவேன் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். சார் எனக்காகக் காத்திருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. சுவர்க்கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்தார். தனவேல் எழுந்து கும்பிட்டுவிட்டுப் படி இறங்கினார். செருப்புச் சத்தம் கடைசிப் படிவரை கேட்டது.

வியாழக்கிழமை அந்தக் கட்டத்தில் "ஆம்" என்று எழுதினாராம். அவர் எழுதாவிட்டாலும் தெரிந்திருக்கும். நிறுத்தி வைத்த லைசென்ஸ் சொல்லியிருக்கும். வேலை கிடைக்கவில்லை. அடுத்தமுறை ஆள் எடுத்தபோது வயது தாண்டிவிட்டது.

சார் அதைப் பற்றி என்னிடம் பிறகு ஒருமுறைகூடப் பேசவில்லை. ஆனால் கடைசிவரை என்னை "நீங்க" என்றே கூப்பிட்டார். அவர் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. நான் கொஞ்சம் திருந்தினேன். குடையை ஆணியிலிருந்து எடுத்தேன். டி.டி. கேஸ் என்று வருகிறவர்களிடம் நகல் வாங்காமல் வாய் திறக்காதே என்றேன். வசதி இல்லாதவர்களுக்குப் பலகையைக் காட்டி, உள்ளே போய் மனுக் கொடு, இலவசமாகவே வக்கீல் தருவார்கள் என்றேன். பலரும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். பழைய முருகேசன்தான் சீக்கிரம் முடிப்பார் என்று ஊரில் பேச்சு. ஆனால் அரிஷ்டக் கதையைச் சொல்வதை மட்டும் நான் நிறுத்தவில்லை. கேட்டால் சொன்னேன். கேட்காவிட்டாலும் சொன்னேன். அந்த முதல் பாதி அவ்வளவு நன்றாக இருந்தது. அது என்னுடையதுதான் என்றே நம்பிவிட்டேன்.

போன மாதம் எனக்குப் பிரிவு உபசாரம் வைத்தார்கள். வளாகத்துக்குள்ளேயே ஒரு ஹாலில், இருபது முப்பது பேர். பேச எழுந்தேன். "அண்ணே, அரிஷ்டம்" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். சொன்னேன். மஞ்சள் பையை எடுக்கிற மாதிரி, மூடியைத் திறந்து முகர்கிற மாதிரி எல்லாம் செய்து காட்டினேன். சாட்சிக்கா வழிக்கா என்றதும் ஹால் அதிர்ந்தது. அப்போதுதான் கதவோரத்தில், மடியில் ஓர் அட்டைப் பெட்டியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. எல்லோரோடும் சேர்ந்து அவரும் சிரித்துக்கொண்டிருந்தார், சரியான இடத்தில்.

எனக்கு நினைவுப் பரிசாக ஒரு பீங்கான் யானைக்குச் சொல்லியிருந்தார்கள். அதைக் கொடுத்துவிட்டுப் போக, அதைச் செய்த பட்டறையிலிருந்து தனவேலை அனுப்பியிருந்தார்கள்.

பிறகு என்ன பேசினேன் என்று நினைவில்லை. எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அவர் பக்கத்தில் போய் நின்றேன். வேன் ஓட்டுகிறீர்களா என்று கேட்டேன். அப்போதே விட்டுவிட்டதாகவும், இப்போது பொம்மைகளுக்குப் பேக்கிங் பார்ப்பதாகவும், அரிஷ்டத்தை நிறுத்திவிட்டதாகவும் சொன்னார். வயிறு சரியாகிவிட்டதா என்றேன். இல்லை என்றார்.

"தனவேலு, அந்தக் கதைய இனிமே நான் சொல்ல மாட்டேன்."

"ஏன் சார், நல்லாத்தான் இருக்குது." பெட்டியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னார். "ரெண்டாவது சீட்டையும் சேத்துச் சொல்லுங்க. அது இல்லன்னா நான் குடிகாரன்லியா அதுல."

இத்தனை வருஷத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை. நான் சொன்ன ஒவ்வொரு தடவையும் அவர் அதில் குடிகாரராகத்தான் இருந்திருக்கிறார்.

வைக்கோலை விலக்கி யானையை எடுத்து மேஜையில் வைத்தார். சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். பொருளை உடையாமல் பெற்றுக்கொண்டேன் என்று அடித்திருந்தது. கீழே கோடு.

"கையெழுத்தப் போடுங்க சார், சீக்கிரம் முடிஞ்சிடும்."

நினைத்துக்கொண்டு சொன்னாரா, எல்லோரிடமும் சொல்கிற பேச்சா என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தில் ஒன்றும் இல்லை. நான் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். தாளை முதல் வரியிலிருந்து படித்தேன். பிறகு திருப்பினேன்.

"பின்னாடி ஒண்ணும் இல்ல சார்" என்றார்.

பார்த்தேன். ஒன்றும் இல்லைதான். இருந்தாலும் அவர் எதிரில் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.